இடுக்கு வழியும் வாசல் வழியும்



திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் குபேர லிங்கம் தாண்டினால் இடுக்குப் பிள்ளையார். ராஜகோபுரம் பார்த்த கண்ணுக்கு அது கோயிலாகவே தெரியாது. சின்னதாக ஒரு கட்டு, நேர்கோட்டில் அமையாத மூன்று வாசல், அவ்வளவுதான். இடைக்காட்டுச் சித்தர் அமைத்தது என்கிறார்கள். பின்பக்கம் புகுந்து, ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி நெளிந்து முன்பக்கமாய் வெளியே வரணும். இடுப்புவலி தீரும், பிள்ளை பிறக்கும் என்று சனங்க நம்புகிறார்கள். நம்பட்டும்.

பார்க்கப்போன நமக்குப் பிடித்தது வேறு. அந்தக் கல்லு எவனையும் 'நீ எந்தத் தெரு' என்று கேட்பதில்லை. உடம்பு நுழையுதா இல்லையா, அதுதான் கணக்கு. முன்னே போனவன் தேய்ந்த இடத்தில்தான் பின்னே வருகிறவனும் தேயணும். வியர்வையில் ஊருக்கும் சேரிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க இன்னும் எந்த ஆகமமும் வரவில்லை.

பதினாலு கிலோமீட்டர் முடிந்து பஸ் ஏறியதும் இதெல்லாம் மறந்துபோகிறது. இதே மாவட்டம், தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயில். அங்கே நெளிய வேண்டியதில்லை, நிமிர்ந்தே போகலாம். ஆனால் நம் சனங்க அந்த வாசலைத் தாண்ட ஏறக்குறைய 80 வருஷம் ஆனது. 2023 ஜனவரி 30 அன்று கலெக்டர் கூடவர, போலீஸ் காவலோடு உள்ளே போனார்கள். சாதி இந்துக்கள் எதிர்த்து நின்றார்கள். அதே வருஷம் ஆகஸ்ட் 2, செல்லங்குப்பம் மாரியம்மன் கோயில். அங்கேயும் போலீஸ். ஒரு மாரியாத்தாளைக் கும்பிட இத்தனை லத்தி! சென்னை மாகாணத்தின் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்ததோ 1947-ல். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு 1950-லிருந்து இருக்கிறது.

'உங்களுக்குன்னு தனியா ஒரு கோயில் கட்டிக்குங்களேன்' என்று யோசனை சொல்லும் நல்லவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கட்டத் தெரியாதா நமக்கு? ஊர்க் கோயிலுக்கெல்லாம் கல் சுமந்தது யார்? கேள்வி கோயிலைப் பற்றியதல்ல, பொதுவாசலைப் பற்றியது. கோயிலே வேண்டாம் என்கிற தோழர்களுக்கும் இதுதான் பதில். நாசிக் காலாராம் கோயில் வாசலில் 1930-ல் போராட்டம் தொடங்கிய அம்பேத்கர்தான் 1956-ல் பௌத்தம் தழுவினார். வேண்டாம் என்று விட்டுவிட்டு வருவது வேறு, விடமாட்டேன் என்று தள்ளப்படுவது வேறு.

உங்கள் ஊரில் இன்னும் எந்த வாசல் மூடியிருக்கிறது? ஊர்ப்பெயர், கோயில்பெயர், அறநிலையத்துறைக்கு உட்பட்டதா என்ற விவரத்தோடு எழுதுங்கள். அடுத்த இதழில் அந்தப் பட்டியலைப் போடுவோம், கலெக்டர் ஆபீசுக்கும் ஒரு பிரதி போகும்.