மூலிகைக்கும் கண்காணிப்பு வேண்டும்

சர்ப்பகந்தா வேரை நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகப் பித்துக்கும் தூக்கமின்மைக்கும் கொடுத்துவந்தார்கள். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், அது ரத்த அழுத்தத்தைக் குறைப்பதைத் தம் நோயாளிகளிடம் கண்டு, பிரிட்டனின் இதய மருத்துவ இதழில் எழுதினார். 1952இல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. உயர் ரத்த அழுத்தத்துக்கு நல்ல மாத்திரைகள் அரிதாக இருந்த காலத்தில் அது பெரும் வரம். அது மனச்சோர்வைத் தருகிறது என்ற புகார்கள் பின்னர் எழுந்தன. மருத்துவர்கள் அவற்றையும் பதிவு செய்தார்கள், எச்சரிக்கையானார்கள்.

மூலிகைக்கு நாம் தர வேண்டிய மரியாதை இதுதான். 'இலை தழைதானே, பக்கவிளைவு கிடையாது' என்று சொல்லி விற்பது மரியாதை ஆகாது. ஈஸ்வரமூலி நம் வைத்தியத்தில் பேர்பெற்ற கொடி. அதன் இனச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். 1990களில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை உட்கொண்ட பெண்கள் பலர் அதனால் சிறுநீரகத்தை இழந்தார்கள்.

செடியின் நஞ்சைப் போலவே மருந்தில் கலந்திருக்கக்கூடிய உலோக நஞ்சையும் கண்காணிக்க வேண்டும். சூரணமோ பற்பமோ, ஒவ்வொரு தொகுதியிலும் ஈயம், பாதரசம், ஆர்சனிக் எவ்வளவு என்று பரிசோதித்து, முடிவைப் புட்டியின் மேலேயே அச்சிட அரசு கட்டாயப்படுத்த வேண்டும். அலோபதி மருத்துவர்களும், நோயாளி குடிக்கும் கஷாயத்தைப் பற்றிக் கடிந்துகொள்ளாமல் கேட்க வேண்டும். திட்டு விழும் என்று பயந்தே பலர் அதை மறைக்கிறார்கள்.