குறட்டைக்கு நாக்குப் பயிற்சி... யார் செய்யலாம், யார் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்?

பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் குறட்டை விட்டால் சிரிப்பு வருகிறது. வீட்டில் அப்பா விட்டால், 'பாவம், அசதி... நல்லா தூங்குறாரு' என்று விட்டுவிடுகிறோம். அந்தச் சத்தம் திடீரென்று நின்று, பத்துப் பதினைந்து விநாடி ஒன்றுமே கேட்காமல், பிறகு மூச்சுத் திணறியதுபோல ஓர் உறுமலோடு மறுபடி தொடங்குகிறதா? அப்படியென்றால் அவர் நன்றாகத் தூங்கவில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் 'ஸ்லீப் ஆப்னியா'வாக அது இருக்கலாம்.

தூங்கும்போது நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்துபோகும். மல்லாந்து படுத்தால் அடிநாக்கு பின்னால் சரியும். மூச்சுப்பாதை குறுகினால் குறட்டை. மூடிக்கொண்டால் மூச்சே நின்றுவிடும். ஆக்ஸிஜன் குறைந்ததும் மூளை உலுக்கி எழுப்பும். இரவு முழுக்க இது நடந்தாலும், காலையில் பெரும்பாலும் எதுவும் நினைவிருக்காது. பகலெல்லாம் தூக்கம் சொக்கும், தலைவலிக்கும், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தமும் ஏறலாம். அவர் தினமும் வண்டி ஓட்டுபவர் என்றால், ஆபத்து அவருக்கு மட்டுமல்ல.

தசை தளர்வதுதான் சிக்கல் என்றால், பயிற்சி கொடுத்து அதை உறுதியாக்க முடியாதா?

சுவிட்சர்லாந்தில் டிட்ஜெரிடூ கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் ஒருவர் தற்செயலாக இதற்கு ஒரு விடை கண்டார். டிட்ஜெரிடூ என்பது ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் நீளமான மரக்குழல். அதை ஊத ஆரம்பித்த பிறகு தனக்கும் சில மாணவர்களுக்கும் குறட்டை குறைந்ததை அவர் கவனித்தார். டாக்டர்கள் 25 பேரை வைத்து சோதித்தார்கள். நான்கு மாதம் வாசித்தவர்களுக்குப் பகல் தூக்கமும் குறைந்தது, இரவில் மூச்சு நிற்பதும் குறைந்தது. 2006-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வந்த இந்த ஆய்வுக்கு, 2017-ல் இக் நோபல் பரிசு கிடைத்தது. அதுவும் அமைதிப் பிரிவில்! பக்கத்தில் படுப்பவர்களைக் கேட்டால், மிகச் சரியான பிரிவு என்பார்கள்.

நம் ஊர் சங்குக்கும் இதில் பங்கு உண்டு. ஜெய்ப்பூரில் 30 பேரிடம் நடந்து 2025-ல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் சங்கு ஊதியவர்களுக்கு நல்ல பலன் தெரிந்தது. இரண்டுமே சின்ன ஆய்வுகள்தான். அதை நம்பி நாளைக்கே சங்கு வாங்கப் போக வேண்டாம்.

வாத்தியமே இல்லாமல் வாய்க்கு மட்டும் பயிற்சி கொடுத்தவர்கள் பிரேசில் டாக்டர்கள். 2009-ல் வெளியான அவர்களது ஆய்வில், தினமும் அரை மணி நேரம் என மூன்று மாதம் பயிற்சி செய்தவர்களுக்கு, மணிக்கு சராசரியாக 22 முறை தடைப்பட்ட மூச்சு 14 முறையாகக் குறைந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் பெரியவர்களுக்கு 5-க்குக் கீழே இருப்பதுதான் இயல்பு. 'எக்சர்சைஸ் செய்றேன்ல' என்று டாக்டர் கொடுத்த சிபேப் கருவியை மூட்டைகட்டி வைப்பவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

என்னென்ன பயிற்சிகள்? முதலில் நாக்கு இருக்கவேண்டிய இடம். 'ன்' என்று சொல்லிப் பாருங்கள். நுனிநாக்கு மேல்பற்களுக்குப் பின்னால் ஈற்று மேட்டில் படும். வாய் மூடி சும்மா இருக்கும்போது நாக்கு அங்கேதான் இருக்க வேண்டும். அந்த இடத்தில் நுனியை அழுத்தி, அண்ணத்தை ஒட்டியபடியே பின்னால் இழுக்க வேண்டும், 20 முறை. முழு நாக்கையும் அண்ணத்தோடு உறிஞ்சி ஒட்டவைப்பது 20 முறை. நுனிநாக்கைக் கீழ்ப்பற்களில் தொட்டுக்கொண்டு, அடிநாக்கைக் கீழே அழுத்துவது 20 முறை. கண்ணாடி முன்னால் நின்று, விட்டுவிட்டு 'ஆ' சொல்லி உள்நாக்கை மேலே தூக்குவது 20 முறை. இதற்கெல்லாம் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் தினமும் செய்ய வேண்டும். பலன் தெரிய மாதங்கள் ஆகும். பலர் இடையிலேயே விட்டுவிடுகிறார்கள்.

குழந்தைகள் விஷயம் வேறு. வாயைத் திறந்தபடி தூங்கும் குழந்தைக்கு எச்சில் வற்றிப்போகும். பல்லில் அமிலம் தங்காமல் பார்த்துக்கொள்வதே எச்சில்தான். அது குறைந்தால் சொத்தை, ஈறு வீக்கம், வாய் நாற்றம் எல்லாம் வரிசையாக வரும். நாக்கு எப்போதும் கீழேயே கிடந்தால் மேல்தாடை குறுகி, பற்கள் நெருக்கியடித்து முளைக்கலாம். 'வாயை மூடுடா' என்று அதட்டும் முன், அந்தக் குழந்தையால் மூக்கு வழியாக மூச்சுவிட முடிகிறதா என்று பாருங்கள். அடினாய்டு சதை வளர்ந்திருக்கலாம், அலர்ஜியால் மூக்கு அடைத்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் நாக்குக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பிரயோஜனமில்லை. முதலில் காது மூக்கு தொண்டை டாக்டர். பிறகு பல் டாக்டர் அல்லது ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் பயிற்சி.

ரீல்ஸில் வருவதைப் பார்த்து வாயில் டேப் ஒட்டித் தூங்குவது? மூக்கடைப்போ ஆப்னியாவோ இருப்பவர்களுக்கு அது ஆபத்து. குழந்தைகளுக்கு ஒட்டவே கூடாது.

'எனக்கா... குறட்டையா?' என்று மறுக்கும் அப்பாவிடம் வாதாட வேண்டாம். அவர் தூங்கும்போது, மூச்சு நின்று திரும்பும் அந்த இடம் பதிவாகும்படி ஒரு நிமிட வீடியோ எடுங்கள். அவரிடமும் காட்டலாம், டாக்டரிடமும் காட்டலாம்.