அம்பதாயிரம்னா சும்மாவா?



பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷனுக்கு பஸ்ஸில் போகும்போது தாமிரபரணியைத் தாண்டுகிறோமே, அந்தச் சுலோச்சன முதலியார் பாலம் 1843-ல் திறக்கப்பட்டது. கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்த அவர், தன் சொந்தப் பணம் 50,000 ரூபாயைக் கொடுத்துக் கட்டிய பாலம் அது. இதை நான் வகுப்பில் பேசியபோது பின் பெஞ்சில் ஒரே சிரிப்பு. "அம்பதாயிரத்துக்கு ஒரு புது பைக்கூட வராதே!" என்றார்கள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கணக்கு நோட்டை எடுத்தேன்.

அன்றைக்கு 11.66 கிராம் தங்க மோகர் ஒன்றுக்கு 15 ரூபாய். அப்படியென்றால் ஒரு பவுன் சுமார் பத்தேகால் ரூபாய். 50,000 ரூபாய்க்கு ஏறக்குறைய 4,850 பவுன்! பவுன் ஒரு லட்சம் என்று வைத்தால் 48 கோடிக்கு மேல் வருகிறது.

ஆனால் அன்றைய ரூபாய் வெள்ளிக்காசு. அதுவும் 11.66 கிராம்தான், 12 பங்கில் 11 பங்கு வெள்ளி. 50,000 காசில் சுமார் 534 கிலோ வெள்ளி. கிலோ 2 லட்சம் என்று வைத்தால் 11 கோடிகூட வரவில்லை!

ஒரே பணம், ரெண்டு விடை. கணக்கு தப்பில்லை. 1870-களுக்குப் பிறகு தங்கத்தோடு பார்த்தால் வெள்ளியின் மதிப்பு ரொம்ப இறங்கிவிட்டது. அதனால் யாராவது மேடையில் "இன்றைய மதிப்பில் இத்தனை கோடி" என்றால், எதை வைத்துக் கணக்குப் போட்டீங்கன்னு கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொன்றும் சொல்லணும். வகுப்பில் சிரித்தவர்கள்மேல் கோபப்பட்ட நானும் ஒருநாள் அப்படிச் சிரித்தவள்தான். எங்க ஆச்சி கல்யாணத்துக்கு 500 ரூபாய் கடன் வாங்கினார்களாம். "இவ்ளோதானா ஆச்சி?" என்றேன். ஆச்சி முகம் வாடிவிட்டது. "ஏட்டி, அத அடைக்க எங்க அம்மை மூணு வருசம் பீடி சுத்துனா" என்றாள். அந்த 500 ரூபாயைத் தங்கத்திலும் அளக்கலாம், வெள்ளியிலும் அளக்கலாம். ஆனால் அந்த மூன்று வருஷம் அதில் தெரியாது.

அதனால் பழைய தொகையைக் கேட்டால் சிரிக்காதீர்கள். அதைச் சம்பாதிக்க எத்தனை நாள் உழைத்தார்கள் என்று கேளுங்கள். இன்றைக்கே வீட்டில் ஆச்சி, தாத்தாவிடம் கேட்டுவிட்டு வாருங்கள். அடுத்த சுவர் இதழில் எல்லாவற்றையும் எழுதுவோம்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி