தலைக்கு மேல் ஒரு வில்லங்கம்

இடம் வாங்கும்போது வணிகர்களாகிய நாம் எதையெல்லாம் பார்க்கிறோம்? மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, ரோட்டின் அகலம், தண்ணீர் வசதி. அண்ணாந்து மட்டும் பார்ப்பதில்லை. மேலே போகிற மின்கம்பி பத்திரத்தால் வந்ததல்ல, சட்டத்தால் வந்தது. ஆகவே அது பொதுவாக வில்லங்கச் சான்றில் வருவதில்லை. கிடங்கு கட்ட வானம் தோண்டும்போதுதான் தெரிகிறது, தலைக்கு மேல் ஒரு வில்லங்கம் இருப்பது!

நமக்கு மின்சாரம் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். பனியன் கம்பெனி ஓடினால்தான் வெள்ளிக்கிழமை மளிகைக் கடையில் பாக்கி வசூலாகும். ஆனால் ஊருக்கு வெளிச்சம் தரும் கம்பியின் சுமையை ஒருவர் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமா என்பதே நம் கேள்வி.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை 800 கே.வி. மின்பாதை வந்தபோது, 2018 டிசம்பரில் திருப்பூர், ஈரோடு, கோவை மாவட்ட விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்ததை நாம் மறக்கவில்லை. ரோட்டோரமாகப் பூமிக்கடியில் கேபிளாகக் கொண்டுபோங்கள் என்று கேட்டார்கள். முடியாது என்றார்கள். ஆனால் அதே புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் பாதையில், கேரளத்தில் ஒரு பகுதி பூமிக்கடியில்தான் போகிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை?

சட்டம் என்ன சொல்கிறது? 1885-ஆம் வருடத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை 2003 மின்சாரச் சட்டத்தின் 164-வது பிரிவு மின்பாதைக்கும் வழங்க இடம் தருகிறது. தந்திச் சட்டத்தை நீக்கிய 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் மின்பாதைக்கு மட்டும் அந்தப் பகுதியை விட்டுவைத்திருக்கிறது. அதன்படி நம் சம்மதம் தேவையில்லை. ஆனால் நிலம் நம்முடையதே, அவர்களுக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமை மட்டுமே. சேதம் முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும், முழு நஷ்டஈடும் தர வேண்டும். தொகை போதாது என்றால் மாவட்ட நீதிபதியிடம் மனுச் செய்யலாம்.

பலருக்குத் தெரியாத 17-வது பிரிவு ஒன்றும் உண்டு. பின்னாளில் நாம் அந்த இடத்தில் கட்டடம் கட்ட வேண்டுமானால், கம்பியை அதே இடத்தின் வேறு பகுதிக்கு மாற்றவோ, உயர்த்தவோ கேட்கலாம். முன்பு நஷ்டஈடு வாங்கியிருந்தால், மாற்றும் செலவு அல்லது வாங்கிய தொகையில் பாதி, இதில் எது குறைவோ அதைக் கட்ட வேண்டும். செய்ய மறுத்தால் கலெக்டரிடம் போகலாம்.

தொகைக்கும் கணக்கு உண்டு. 66 கே.வி.க்குக் குறையாத பாதைகளுக்கு, 2015-இல் மத்திய மின்துறை சொன்னது கோபுர அடி நிலத்துக்கு மதிப்பில் 85 சதவீதம், கம்பிக்குக் கீழுள்ள நிலத்துக்கு 15 வரை. 2024 ஜூனில் கோபுர அடிக்கு 200 சதவீதம், கம்பிப் பாதைக்கு 30 என்று உயர்த்தினார்கள். 2025 மார்ச்சில் கம்பிப் பாதைக்கு நகராட்சியில் 45, மாநகராட்சியில் 60 என்றார்கள். இவை வழிகாட்டுதல்களே. நடைமுறைப்படுத்தினால்தான் பணம் கைக்கு வரும். கம்பிக்குக் கீழே மாடி எழுப்ப முடியாது, வங்கியும் யோசிக்கும், விற்கப் போனால் விலையும் இறங்கும். இந்த நஷ்டம் ஒரு நாளோடு போவதில்லை என்பதால், உயர்த்திய தொகையும் அதிகமல்ல என்பதே நம் கருத்து.

நாம் கேட்பது மூன்று. பாதையின் வரைபடத்தை வேலை தொடங்கும் முன்பே கிராமந்தோறும் ஒட்ட வேண்டும். குழி தோண்டும் முன்பே பணம் தர வேண்டும். மின்பாதை போகும் சர்வே எண்களை வில்லங்கச் சான்றிலும் காட்ட வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது, படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் இருப்பது. கொடுத்த மனுவுக்கு ரசீது வாங்கி வைப்பது. கிரயம் பேசும் முன் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பது. முன்பணம் கொடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தால் ஆகாயம்தான் தெரியும்!