எந்த வேலையை விட்டுவிட்டு வருகிறாய்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுங்கைப் பட்டாணியிலிருந்து அக்காவும் அவள் மகளும் வந்திருந்தார்கள். குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலில் அர்ச்சனையை முடித்துவிட்டு, லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் பசியாற உட்கார்ந்தோம். மருமகள் வணிக நிர்வாகம் படிக்கிறாள். தொழிற்பயிற்சியும் முடிந்துவிட்டது. பட்டமளிப்பு மட்டும்தான் பாக்கி.

"கையோட எம்பிஏவையும் முடிச்சிடட்டும் தம்பி. அப்புறம் கல்யாணம் காட்சின்னு வந்துட்டா எங்க படிக்கப் போறா?" என்றாள் அக்கா. ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே அடுத்ததையும் சொன்னாள். "என் இபிஎப்ல இருக்கு. பிள்ளைங்க படிப்புக்கு எடுக்கலாம்தானே?"

எடுக்கலாம். முன்பு இரண்டாம் கணக்கு என்று இருந்தது. 2024 மே மாதத்திலிருந்து செஜாதெரா கணக்கு என்கிறார்கள். பிள்ளைகளின் உயர்கல்விக்கு அதிலிருந்து எடுக்க வழி இருக்கிறது. ஆனால் அக்காவுக்கு ஐம்பது வயதாகிவிட்டது. கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்தே முழங்கால் தேய்ந்தவள். அந்தக் கணக்கைத் தவிர அவளுக்கு வேறு சேமிப்பு கிடையாது.

அக்கா பூ வாங்கப் போன நேரத்தில் மருமகளிடம் கேட்டேன். "உனக்கு எம்பிஏ படிக்கணும்னு ஆசையா?"

தே தாரேக்கை வெகுநேரம் கலக்கிக்கொண்டிருந்தாள். "வேலைக்குப் போக பயமா இருக்கு மாமா. பயிற்சிக்குப் போன இடத்துல யாரும் பேசமாட்டாங்க. ஆறு மாசம் தனியாத்தான் சாப்பிட்டேன். இன்னும் ரெண்டு வருஷம் படிச்சா தைரியம் வந்துடும்னு நினைக்கிறேன்."

இந்தப் பயம் எனக்குப் பழக்கமானது.

1999-இல் நான் யுஎஸ்எம்-இல் சேர்ந்தேன். 1969-இல் பினாங்கு பல்கலைக்கழகமாகத் தொடங்கியது அது. மிண்டனில் ஒரு காலத்தில் பிரிட்டிஷ் ராணுவ முகாம் இருந்த மேட்டில்தான் வளாகம். அங்கிருந்து பார்த்தால் பினாங்கு பாலம் தெரியும். பாலத்துக்கு அந்தப் பக்கம் வீடு. பீடோங்கில் அப்பா, அம்மா, அக்கா. முதல் பருவம் முழுக்க நான் படித்ததைவிடப் பாலத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

விரிவுரை மலாயில் நடக்கும், பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கும், என் யோசனை மட்டும் தமிழில் ஓடும். டுட்டோரியல் வகுப்பில் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருப்போம். நான் வாய் திறக்கமாட்டேன். தேசாசிஸ்வாவில் அறைத்தோழர்கள் சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்பேன். அவர்கள் போன பிறகு தனியாகப் போய்ச் சாப்பிடுவேன். வெள்ளிக்கிழமை மதியம் ஆனதும் பையைத் தூக்கிக்கொண்டு பெர்ரிக்கு ஓடுவேன். பட்டர்வொர்த்தில் ஏறும்போதுதான் டிக்கெட், தீவிலிருந்து திரும்பும்போது காசில்லை. வீட்டுக்கு ஓடி வருகிறவனுக்கு அரசாங்கமே ஆதரவு என்று நினைத்துக்கொள்வேன்.

முதல் பருவத் தேர்வில் என் சராசரி இரண்டு புள்ளியைத் தொடவில்லை. பிடிபிடிஎன் கடனில் படிக்கிறவன். வீட்டில் சொல்லவில்லை. மேல் வகுப்பில் நிபோங் திபாலைச் சேர்ந்த ஓர் அக்காள் இருந்தார். என்னை ஹம்சா செண்டுட் நூலகத்துக்கு இழுத்துப் போனார். "டுட்டோரியல்ல ஒவ்வொரு வாரமும் ஒரே ஒரு கேள்வி கேளு. முட்டாள் கேள்வியா இருந்தாலும் பரவாயில்ல" என்றார். அவர் செய்த வைத்தியம் அவ்வளவுதான். முதல் கேள்வியை மலாயில் எழுதி வைத்துக்கொண்டு வாசித்தேன். கை நடுங்கியது. யாரும் சிரிக்கவில்லை. விரிவுரையாளர் கரும்பலகைப் பக்கம் திரும்பி முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தார். இன்னும் நான்கு பேருக்கு அது புரிந்திருக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டாம் ஆண்டில் வாரக்கடைசியில் வீட்டுக்குப் போக மறக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். அம்மா கோபித்துக்கொண்டார்.

அப்படித் தேறியவன் கடைசி ஆண்டில் மறுபடியும் பயந்தேன். 2001-இல் உலகம் முழுக்க மின்னணுத் தொழில் படுத்தது. பினாங்குக்காரனுக்கு அது அடுத்த வீட்டுச் செய்தி. பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கி, இன்டெல் போன்ற நிறுவனங்கள் வந்த 1972-லிருந்தே தீவின் அடுப்பெரிவது அந்தத் தொழிற்சாலைகளை நம்பித்தான். ஓவர்டைம் நின்றது. ஆட்குறைப்பு என்ற சொல் காப்பிக்கடை வரை வந்துவிட்டது. நான் நல்ல பிள்ளையாக அப்பாவிடம் போய், எம்பிஏ படிக்கிறேன் என்றேன்.

அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டி, தோட்டம் கைமாறிய பிறகு காவலாளி வேலைக்குப் போனவர். அடுத்த ஆண்டு அவருக்கு 55 முடியவிருந்தது. "அடுத்த வருஷம் சேமநிதி வருது, எடுத்துக்கோ" என்றார். ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் நான் ஏதாவது சமாளித்திருப்பேன்.

கேள்வி வேறோர் இடத்திலிருந்து வந்தது. பரிந்துரைக் கடிதம் வாங்க ஒரு விரிவுரையாளரிடம் போயிருந்தேன். படிவத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "எந்த வேலையை விட்டுவிட்டு இதற்கு வருகிறாய்?"

"வேலை இல்லை சார். இனிமேல்தான்."

"அப்படியானால் வகுப்பில் எதைப் பற்றிப் பேசுவாய்?"

அப்போது அவமானமாக இருந்தது. கடிதமும் வாங்காமல் திரும்பினேன். நாலு மாதம் அலைந்து, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டப் பிரிவில் உதவியாளனாகச் சேர்ந்தேன். சம்பளத்தைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள்.

ஆறு ஆண்டுகள் கழித்து, வாரக்கடைசி வகுப்பாக எம்பிஏ சேர்ந்தபோதுதான் அந்தக் கேள்வியின் அர்த்தம் விளங்கியது. முதல் மாதமே சரக்கு இருப்பைப் பற்றி ஒரு பாடம். கிடங்கில் எவ்வளவு பாகம் வைத்திருப்பது, குறைந்தால் என்ன நட்டம், கூடினால் என்ன நட்டம் என்று கணக்கு. புத்தகத்தில் அது இரண்டு பக்கம். ஆனால் ஓர் இரவு ஷிப்டில் ஒரேயொரு சின்னப் பாகம் வராததால் ஒரு வரிசை முழுவதும் நின்று, நாற்பது பெண்கள் கைகட்டி உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருந்த தாதி ஒருவர் மருத்துவமனையில் மருந்து தீர்ந்துபோகும் கதையைச் சொன்னார். வங்கிக்காரர் ஒருவர் எங்கள் இருவரையும் மறுத்தார். நேரம் போனதே தெரியவில்லை. எம்பிஏ வகுப்பில் பாதிப் பாடம் மாணவர்கள் கொண்டுவருவதுதான். வெறுங்கையோடு போனால் மற்றவர்கள் பேசுவதைக் குறிப்பெடுக்கலாம். முதல் பருவத்தில் நான் இருந்தேனே, அதேபோல வாய் திறக்காமல்.

உடனே சிலர் இந்தியாவைக் காட்டுவார்கள். நியாயம்தான். அங்கே பட்டம் முடித்த கையோடு ஐஐஎம் போவது சகஜம். வளாகத்துக்கே வந்து ஆள் எடுக்கும் ஏற்பாடு இருப்பதால் அங்கே அது ஓடுகிறது. சென்னையில் பிறந்த இந்திரா நூயி, மெட்ராஸ் கிறிஸ்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கியதும் நேராகக் கல்கத்தா ஐஐஎம் போய் 1976-இல் முடித்தவர்தான். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. சில காலம் வேலை பார்த்த பிறகு மறுபடியும் யேல் பல்கலைக்கழகத்தில் நிர்வாகம் படித்தார். பெப்சிகோவின் தலைமைக்கு வந்தது 2006-இல். நிர்வாகவியலின் பெரிய ஆசிரியர்களில் ஒருவரான சி.கே. பிரகலாத்தும் கோவைக்காரர். லயோலாவில் இயற்பியல் படித்துவிட்டு யூனியன் கார்பைடு ஆலையில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்த பிறகுதான் அகமதாபாத் ஐஐஎம் போனார்.

எல்லாருக்கும் ஒரே பதில் என்று நான் சொல்லமாட்டேன். விரிவுரையாளராக வேண்டும் என்கிற பிள்ளைக்கு ஆய்வு முதுகலைதான் சரி, அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கணக்காய்வுக்குப் போகிறவளுக்கு ஏசிசிஏ தாள்கள் எம்பிஏவைவிட உதவும். உங்கள் வீட்டுப் பிள்ளை எங்கே சேர்ந்தாலும், பணம் கட்டும் முன்பு அந்தப் படிப்பு எம்க்யூஏவின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. தீவிலேயே யுஎஸ்எம்-இன் வணிக உயர்கல்விப் பள்ளி இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கென்றே வாவாசான் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. முப்பது வயது தாண்டி, டிப்ளோமா அல்லது எஸ்டிபிஎம் மட்டும் கையில் உள்ளவர்கள்கூட, வேலை அனுபவத்தைக் காட்டி அபெல் மதிப்பீட்டில் தேறினால் முதுகலையில் நுழையலாம். இந்தக் கதவுகள் அடுத்த ஆண்டே மூடப்போவதில்லை. ஐம்பது வயது அம்மாவின் சேமிப்புதான் ஒருமுறை எடுத்தால் திரும்ப ஏறாது.

இதைத்தான் அன்று கடையில் அக்காவிடம் சொன்னேன். கொஞ்சம் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "நீ படிச்சிட்ட, அதனால பேசற" என்றாள். எனக்கும் சுருக்கென்றது. "பீடோங் வீட்டுக் கடனை அப்பா எதுல கட்டி முடிச்சாரு, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். நான் எடுக்காமல் விட்ட அந்தச் சேமநிதியில்தான். அம்மா இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். அக்கா கண் கலங்கி எழுந்துபோனாள். அதற்குப் பிறகு மூன்று வாரம் தொலைபேசி இல்லை.

மருமகள் மட்டும் வாட்ஸ்அப்பில் பேசினாள். பயம் போகவில்லை என்றாள். போகாது என்றேன். நிபோங் திபால் அக்காள் எனக்குச் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். புது இடத்தில் வாரத்துக்கு ஒரு கேள்வி, யாரிடமாவது. நான்கு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டாள். ஒரு இடத்தில் நேர்முகத்துக்கு அழைத்தார்கள். பாயான் லெப்பாஸ்தான்.

நேர்முகத்துக்கு முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. அக்கா.

"நாளைக்கு அவ தனியா வர்றா. ஜெட்டியில இறங்கி எந்த பஸ் ஏறணும்?"

"பஸ் வேணாங்க்கா. நான் லீவு போட்டிருக்கேன். எட்டு மணிக்கு ஜெட்டியில நிக்கிறேன்."

"எட்டு லேட்டு. ஏழரைக்கு வந்து நில்லு" என்று வைத்துவிட்டாள்.