பேப்பர் சொல்லாத சங்கதி

சென்னை குரோம்பேட்டையில் பெட்டை லாப்ரடார் வளர்க்கும் வீட்டுக்கு இந்த யோசனை எப்படியும் வந்து சேர்ந்துவிடும்: "ஒரு தடவையாவது கிராஸ் பண்ணிக் குட்டி எடுத்துடுங்க சார். அப்பத்தான் அதுக்கு உடம்பு நல்லா இருக்கும்." சொல்பவர் காலை நடையில் பழக்கமானவர், நல்ல மனிதர். அவர் வீட்டிலும் ஓர் ஆண் லாப்ரடார் இருக்கும் என்பது வேறு விஷயம். ஆனால் அந்தப் பேச்சுக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. ஒரு முறை குட்டி போட்டுவிட்டதால் பெட்டை நாய்க்குக் கருப்பையில் சீழ் பிடிக்காமலோ மடியில் கட்டி வராமலோ போய்விடாது. காப்பது கருத்தடை அறுவை சிகிச்சைதான். அதையும் எந்த வயதில் செய்வது என்பதை மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். பெரிய இனங்களுக்கு எலும்பு, மூட்டு வளர்ச்சியும் கணக்கில் வரும்.

ஆக, 'நாயின் நலனுக்காக' என்ற காரணம் இங்கேயே கழன்றுவிடுகிறது. மிஞ்சுவது இரண்டு. ஒன்று காசு, மற்றது, அந்த இனம் நன்றாகத் தழைக்க வேண்டும் என்ற அக்கறை. இரண்டாவதைச் சொல்பவரிடம்தான் பேச நிறைய இருக்கிறது.

அவர் முதலில் எடுத்துக் காட்டுவது 'கேசிஐ பேப்பர்'. அண்ணா நகரில் அலுவலகம் வைத்திருக்கும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் சான்றிதழ் அது. நாயின் அப்பன் யார், பாட்டன் யார் என்று அதில் இருக்கும். இடுப்பு மூட்டு எப்படி இருக்கிறது என்று இருக்காது. லாப்ரடாரிலும் ஜெர்மன் ஷெப்பர்டிலும் வழிவழியாக வரும் தொல்லை இடுப்பு மூட்டுக் கோளாறு. நொண்டாமல் ஓடும் நாய்க்கும் அது இருக்கலாம். இரண்டு வயது நிறைந்தபின் எடுக்கும் எக்ஸ்ரேதான் நம்பத் தகுந்தது. கண், ரத்தப் பரிசோதனைகள் வேறு. இணை சேரும்போது தொற்றிக் கருச்சிதைவு உண்டாக்கும் புரூசெல்லா கிருமி ஆணிடமும் இருக்கலாம், பெண்ணிடமும் இருக்கலாம். ஜாதகம் பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் உடம்பைப் பார்க்காமல் விடும் சம்பந்தம் போலத்தான் இங்கே பெரும்பாலான 'மேட்டிங்' நடக்கிறது.

சட்டம் ஒன்றும் சும்மா இல்லை. மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, விற்பதற்காகக் குட்டி எடுப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பெட்டைக்கு 18 மாதம் நிறைந்திருக்க வேண்டும். 8 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. ஆயுளில் 5 ஈற்றுக்கு மேல் கூடாது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைப் பக்கம் போய்வருகிறவர்களுக்கு, தாயை விட்டுச் சீக்கிரம் பிரிக்கப்பட்ட குட்டி எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பார்வோ கிருமி உடம்புக்குள் புகுந்து சில நாள் கழித்துத்தான் வாந்தியாகவும் பேதியாகவும் வெளியே தெரியும். அதற்குள் குட்டி கைமாறிவிடும், விற்றவரையும் தேட முடியாது.

இன்னொன்று, ஊர் வெயில். மே மாதத்தில் மீனம்பாக்கம் வானிலை நிலையம் 40 டிகிரியைத் தாண்டிக் காட்டும்போது பக்கத்திலிருக்கும் குரோம்பேட்டை மட்டும் தப்பிக்குமா? மூச்சிரைத்துத்தான் நாய் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மூக்கு சப்பையான பக் இனத்துக்கு அந்த வழியே அடைப்பு. 2003-இல் வந்த ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் சிறுவன் பின்னால் ஓடிய பக், ஓர் இனத்தையே நம் தெருக்களுக்குள் இறக்கிவிட்டது. தமிழக அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை பக், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் முதலிய 11 இனங்களை இங்கே இனவிருத்தி செய்யக் கூடாது என்றபோது நாய் ஆர்வலர்கள் கொதித்தார்கள். தடை சரியான வழியா என்பதில் எனக்கும் சந்தேகம் உண்டு. காரணம் சரியானது என்பதில் இல்லை.

அப்படியானால் யாருமே குட்டி எடுக்கக் கூடாதா? இங்கேதான் ராஜபாளையம் நாயைப் பற்றிப் பேச வேண்டும். 2005-இல் அஞ்சல் தலையில் ஏறிய நாய் அது. குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் அரை மணிக்குள் வரும் சைதாப்பேட்டையில், கால்நடைத் துறையே ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை நாய்களுக்கு இனவிருத்திப் பிரிவு நடத்தி வந்தது. அங்கே நாய்கள் வைக்கப்பட்டிருந்த நிலை பற்றிய புகார்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2016-இல் அதை மூடும்படி உத்தரவானது. நாட்டு நாய் ஆர்வலர்கள் வருந்தினார்கள். வருத்தம் நியாயம், ஆனால் அரசே நடத்தினாலும் பொறுப்பு தானாக வந்துவிடாது என்பதையும் அந்த வழக்கு காட்டியது.

இனி அந்தப் பொறுப்பு வீட்டில் வளர்ப்பவர்கள் கையில்தான். ராஜபாளையம் என்றால் பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்த வெள்ளையோடு பல சமயம் செவிட்டுத்தன்மையும் சேர்ந்தே வருகிறது. தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கும் செல்கள் உட்செவியிலும் இருந்தாக வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் செல்கள் பட்டுப்போகின்றன. கை தட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. செவிட்டுக் குட்டி அதிர்வை உணர்ந்து திரும்பும். கூடப் பிறந்தவை எழுந்தால் தானும் எழும். ஒரு காது மட்டும் கேட்கும் நாய் வீட்டில் யாருக்கும் சந்தேகம் தராமல் வளர்ந்து, அடுத்த தலைமுறைக்கும் குறையைக் கொடுத்துவிடும். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் செவிச் சோதனைதான் அதைக் கண்டுபிடிக்கும். உடம்பில் கறுப்புத் திட்டோடு பிறக்கும் குட்டியை மட்டம் என்று ஒதுக்குகிறோமே, அது இனத்துக்குத் தேவையான குட்டியாகவே இருக்கலாம்.

எனவே, எண்ணிக்கையில் குறைவே இல்லாத லாப்ரடாருக்கு குரோம்பேட்டை ராதா நகர் அடுக்குமாடியில் இன்னும் எட்டுக் குட்டிகள் எடுக்க எந்த அவசியமும் இல்லை என்பது என் கருத்து. காது சோதித்த ராஜபாளையம் வைத்திருப்பவரோ, உறவுக்குள் இணை சேர்க்காமல் வேறு வம்சத்து ஆணைத் தேடிப் போவாரானால், குட்டி எடுப்பது பற்றி யோசிக்கத்தான் வேண்டும். எல்லோரும் ஒதுங்கிக்கொண்டால் அந்த இனம் நாலைந்து வியாபாரிகள் கைக்குள் சுருங்கிவிடும். இருவருக்கும் நிபந்தனை ஒன்றுதான்: வாங்கியவர் ஆறு மாதம் கழித்து, "வீட்டுக்காரர் ஒத்துக்கலை, காலி பண்ணச் சொல்றார்" என்று நாயைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றால், திரும்ப எடுத்துக்கொள்வதாக விற்கும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும்.