நேரடி சப்ளையர் ஊரு, நூல்மில்லு சேரி

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து மாட்டுத்தாவணியில் வந்து இறங்கி, டவுன் பஸ் பிடித்து ஆரப்பாளையம் போய், அங்கிருந்து திண்டுக்கல், வேடசந்தூர் நூல்மில்களுக்குப் போன நம் பெண்பிள்ளைகள் எத்தனை பேர்? மூணு வருஷம் மில் ஹாஸ்டலில் அடைபட்டு உழைத்தால் கல்யாணத்துக்கு மொத்தமாய்ப் பணம் என்றார்கள். பெயர் சுமங்கலித் திட்டம். தாலியைக் காட்டிக் கூலியைப் பிடித்து வைத்தார்கள். அந்த நூல் துணியாகி, திருப்பூரில் சட்டையாகி, ஐரோப்பியக் கடைகளில் தொங்கியது.

சட்டை விற்கிறவன் நூல் நூற்றவளுக்குப் பதில் சொல்லணுமா வேண்டாமா? கேள்வி இவ்வளவுதான். சொல்லணும் என்று பிரான்ஸ் 2017-இல் சட்டம் போட்டது. ஜெர்மன் சட்டம் 2023-இல் அமலுக்கு வந்தது. சரக்கு வரும் வழியில் மனித உரிமை மீறல் உண்டா என்று கம்பெனியே தேடணும், தடுக்கணும் என்று 2024-இல் ஐரோப்பிய ஒன்றியமும் சட்டம் செய்தது.

உடனே முதலாளி சங்கங்கள் கூப்பாடு போட்டன. பேப்பர் வேலை கூடிப்போச்சு, போட்டியில் தோற்போம், எங்கோ இருக்கிற மில்லை நாங்க எப்படிப் பார்ப்பது? 2025 பிப்ரவரியில் ஐரோப்பிய ஆணையம் இறங்கி வந்தது: பெரும்பாலும் நேரடி சப்ளையரோடு நிறுத்திக்கலாம் என்று முன்மொழிந்தது. மே மாதம் ஜெர்மன் சான்சலர் மெர்ஸ் சட்டத்தையே தூக்கச் சொன்னார். நேரடி சப்ளையர் கோடு அப்படியே சட்டமாகவில்லை. ஆனால் 1000 பேர் வேலை பார்க்கும் கம்பெனிக்கு என்றிருந்த சட்டத்தை, டிசம்பரில் 5000 பேருக்கு மேல் என்று சுருக்கிவிட்டார்கள். பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட இருந்த ஐரோப்பியப் பொது விதியும் போச்சு.

நேரடி சப்ளையர்! நமக்கு இது புதுசா தோழர்களே? நெல்லு வேணும், நாத்து நட்டவ தெருவுக்குள்ள கால் வைக்க மாட்டான். தையல் கம்பெனி ஊரு, நூல்மில்லு சேரி. எல்லைக்கு அந்தப் பக்கம் நடப்பது அவன் கணக்கில் வராது.

தெரியாதாம். நான் பேங்க் கிளார்க். கூலிக்காரக் கிழவி ஒருத்தி கணக்குத் தொடங்க வந்தால் ஆதார் கொண்டா, போட்டோ கொண்டா, ரேகை வை என்று அலையவிடுகிற கவுண்டரில்தான் தினமும் உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்கு அத்தனை பேப்பர்! சட்டையில் சாயம் திட்டுத்திட்டாய் ஏறினால் எந்த மில், எந்த லாட் என்று தோண்டி எடுத்து, பில்லில் கழிக்கிறவனுக்கு, அதே மில்லில் கூலி போனதா என்று மட்டும் தெரியாதாம்.

ஆள் வைத்துத் தணிக்கை செய்கிறோமே என்பான். 2012 செப்டம்பரில் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் எரிந்து 250-க்கு மேற்பட்ட தொழிலாளிகள் செத்தார்கள். நல்ல ஆலை என்ற சர்வதேசச் சான்றிதழ் அதற்குக் கிடைத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தது.

தூரம் போவானேன். 2021 ஜனவரியில் திண்டுக்கல் நாச்சி அப்பேரலில், ஹெச் அண்ட் எம்முக்குத் துணி தைத்த ஆலையில், வேலை பார்த்த தலித் பெண் கொலை செய்யப்பட்டாள். மேற்பார்வையாளன் கைதானான். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடவில்லை. 2022-இல் ஈஸ்ட்மேன் முதலாளியும் ஹெச் அண்ட் எம்மும் கையெழுத்துப் போட்டார்கள்; கேப், பிவிஹெச் பின்னால் வந்தன. பாலியல் தொந்தரவு என்றால் புகாரை விசாரிக்கணும், முதலாளி மீறினால் ஆர்டர் போகும். தையல் ஆலை மட்டுமில்லை, ஈஸ்ட்மேனின் நூல்மில்லும் அதில் சேர்த்தி. எல்லைக்கு அந்தப் பக்கம் போக முடியாது என்று பிரஸ்ஸல்ஸில் அழுகிறார்களே, இங்கே எப்படி முடிந்தது?

கையெழுத்துப் போட்ட பிராண்டுகள் மூணு. திண்டுக்கல் நூல் இந்த மூணு பேருக்கு மட்டுமா போகுது?